அடைமழையில் மரம்

சித்திரை மாதத்தில் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும் கதவு, ஐப்பசி பிறந்துவிட்டால் தோள்கொடுத்துத் தள்ளினாலும் நிலையை விட்டு நகர மறுக்கிறது. மேஜையின் இழுப்பறை பாதியில் நின்றுவிடுகிறது. "மரம் ஊதிப்போச்சு" என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆசாரியைக் கூப்பிட்டால் அவர் இழைப்புளியால் கதவின் ஓரத்தைச் சீவிவிட்டுப் போகிறார். அடுத்த சித்திரையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது!

கதவு இறுகுவது சிறு தொல்லைதான். ஆனால் அதே மழைக்காலத்தில், அதே வீட்டில், கண்ணுக்குத் தெரியாமல் வேறொரு வேலையும் நடக்கிறது. நிலைக்காலின் அடிப்பாகம் மெத்தென்று ஆகிறது. தாழ்வாரத்து வாரையின் நுனி கறுக்கிறது. இவை பெருந்தொல்லைகள். இரண்டுக்கும் காரணம் ஈரமே என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், தஞ்சை வட்டாரத்து வீடுகளிலும் கோயில் தேர்களிலும் உள்ள மரவேலைப்பாட்டை மழைக்காலத்தில் எப்படிக் காப்பது என்பது தானே விளங்கும்.

நம் குளிர்காலமும் அவர்கள் குளிர்காலமும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டின் பின்புறத்தில் பலகைகளால் ஒரு திறந்த தளம் அமைப்பது வழக்கம். குளிர்காலம் வருமுன் அதைக் கூட்டிக் கழுவி எண்ணெய் பூசுவார்கள். உறைபனிதான் அவர்களுக்குக் கவலை. பலகையின் வெடிப்பில் புகுந்த நீர் உறையும்போது விரிந்து, வெடிப்பைப் பெரிதாக்கிவிடும். ஆனால் அந்தக் குளிரில் ஒரு நன்மையும் உண்டு. மரத்தைத் தின்னும் பூஞ்சணங்கள் அப்போது உறங்கிவிடுகின்றன.

காவிரிப் படுகையில் அந்தச் சலுகை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கிடைக்கிறது. நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். வயல்களில் சம்பாப் பயிர் நிற்கிறது. வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. களிமண் தரையில் நீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. வெப்பநிலையோ 22 முதல் 30 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளேயே நிற்கிறது. மரம் அரிக்கும் பூஞ்சணங்களில் பலவற்றுக்கு மிகவும் பிடித்தமான வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி. நெல்லுக்குத் தோதான பருவம் பூஞ்சணத்துக்கும் தோதான பருவமாக அமைந்துவிட்டது.

மழை ஓய்ந்த பிறகு மார்கழிப் பனி வருகிறது. இரவெல்லாம் பனித்துளி இறங்கி, காலை எட்டு ஒன்பது மணிவரை மரத்தின் மேற்பரப்பை நனைத்தே வைத்திருக்கிறது. ஆகவே ஐப்பசியில் நனைந்த மரம் முழுக்க உலர்வதற்குத் தை மாதம் கடந்துவிடுகிறது.

மரம் ஒரு குழாய்க் கட்டு

ஒரு கட்டு வைக்கோலை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன அல்லவா? மரமும் அப்படித்தான். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழாய்கள் அவை. குழாயின் சுவர் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. லிக்னின் என்ற மற்றொரு பொருள் அதைக் கெட்டிப்படுத்துகிறது.

மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கலாம். ஒன்று, குழாயின் சுவருக்குள்ளே. மற்றொன்று, குழாயின் நடுவிலுள்ள வெற்றிடத்தில். உலர்ந்த மரத்துக்கு ஈரம் கிடைத்தால் முதலில் சுவர்தான் அதைக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்கச் சுவர் பருக்கிறது, மரம் விரிகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 சதவிகிதம் நீர் சேர்ந்ததும் சுவர்களின் தாகம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வரும் நீர் வெற்றிடத்தில் நிரம்பும். அப்போது மரத்தின் எடை கூடுமே தவிர, பருமன் கூடாது.

சுவர் குடிப்பதற்கு மழைத்துளி தேவையில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும். காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதமாக இருந்தால் மரத்தின் ஈரம் ஒன்பது சதவிகிதத்தில் நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 ஆனால் மரத்தில் 16. 90 ஆனால் ஏறத்தாழ 20. ஒரு சொட்டு மழைகூடப் படாத உள்ளறைக் கதவு ஐப்பசியில் இறுகுவதன் ரகசியம் இதுதான்.

குழாயின் சுவர் பருக்குமே தவிர, குழாய் நீளாது. அதனால் பலகையின் நீளம் மாறுவதில்லை என்றே சொல்லலாம். அகலந்தான் மாறும். 30 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை ஒன்றின் ஈரம் கோடையில் 10 சதவிகிதமாகவும் மழையில் 17 சதவிகிதமாகவும் இருந்தால், அது சுமார் நான்கு மில்லிமீட்டர் விரியும். பலகையை மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அறுத்திருந்தால் இதில் பாதியளவே விரியும்.

பழைய வீட்டுக் கதவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் கனமான சட்டம். நடுவே மெல்லிய பலகை. அந்தப் பலகையைச் சட்டத்தில் ஆணி அடித்தோ பசை போட்டோ இறுக்கியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் உட்புறம் ஒரு காடி வெட்டி, பலகையின் ஓரத்தை அதற்குள் சும்மா நுழைத்திருப்பார்கள். மழையில் பலகை விரியும், கோடையில் சுருங்கும், இரண்டும் காடிக்குள்ளேயே நடந்துவிடும். அதையும் ஆணியால் இறுக்கிவிட்டால் பலகை விரிய இடமில்லாமல் வளைகிறது, சுருங்க வழியில்லாமல் வெடிக்கிறது. புதிய கதவுகளில் இந்தத் தவறு அதிகம் காணப்படுகிறது.

விரிவதும் சுருங்குவதும் நோயல்ல. மரம் இருக்கும்வரை அது நடந்துகொண்டேயிருக்கும். கதவைச் சீவ வேண்டுமானால் மழை முடிந்து, மரம் உலர்ந்த பிறகும் உரசுகிறதா என்று பார்த்துத்தான் சீவ வேண்டும். அதுவரை சிறிது மெழுகுவத்தியை ஓரத்தில் தேய்த்துச் சமாளிக்கலாம்.

நோய் எங்கே தொடங்குகிறது?

காற்றில் எப்போதும் பூஞ்சணங்களின் வித்துகள் மிதந்துகொண்டிருக்கின்றன. அவை விழாத பலகை உலகில் இல்லை. ஆனால் மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை அவை அங்கே முளைப்பதில்லை. சுவர்களின் தாகம் தீர்ந்து, வெற்றிடத்திலும் நீர் தலைகாட்டும்போதுதான் அவற்றுக்கு விருந்து. முளைத்த வித்திலிருந்து நூலினும் மெல்லிய இழைகள் குழாய்களுக்குள்ளே ஓடுகின்றன. அவை கசியவிடும் நொதிகள் குழாய்ச் சுவரைக் கரைத்துச் சர்க்கரையாக்குகின்றன. பூஞ்சணம் அதை உண்டு வளர்கிறது.

ஒருவகைப் பூஞ்சணம் செல்லுலோஸை மட்டும் தின்று லிக்னினை விட்டுவிடும். அப்படிப்பட்ட மரம் பழுப்பு நிறமாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். இன்னொரு வகை இரண்டையும் தின்னும். அதனால் மரம் வெளுத்து நார்நாராகப் பிரியும். முதல் வகைதான் பொல்லாதது. அது தாக்கிய உத்திரத்தின் எடை நூற்றுக்குப் பத்துப் பங்கு குறையுமுன்பே அதன் வலிமையில் பாதிக்கு மேல் போயிருக்கும். பார்வைக்கு முழு உத்திரம். பாரம் தாங்குவதில் பாதி உத்திரம்கூட இல்லை. இரவு மழையில் பழைய வீட்டுக் கூரை இறங்கிவிட்டது என்று செய்தி படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சணத்துக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. எப்போதும் உலர்ந்திருக்கும் மரமும் நெடுநாள் வாழும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் மரமும் நெடுநாள் வாழும். எகிப்தில் பெரிய பிரமிடின் அருகே மூடிய குழியொன்றில் 1954ஆம் ஆண்டு ஒரு மரக்கப்பலைக் கண்டெடுத்தார்கள். பாலைவன வறட்சியில் அது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பிழைத்திருந்தது. ஸ்வீடனில் 1628ஆம் ஆண்டு மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் கடலடியிலிருந்து தூக்கினார்கள். 333 ஆண்டுகள் தண்ணீருக்குள் கிடந்தும் அதன் பெரும்பகுதி அப்படியே இருந்தது. (அந்தக் கடலில் உப்பு குறைவாதலால் மரம் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ்வதில்லை, நம் வங்கக் கடலில் இந்தக் கதை நடந்திராது.)

நம் ஊர்க் கிணற்றிலும் இதே பாடம் உண்டு. கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டையைப் போட்டுவைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீர் சுவையாக இருக்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். தலைமுறை கடந்து தூர் வாரும்போது அந்தக் கட்டை கெட்டியாகவே வெளியே வரும். நீருக்கடியில் போதுமான ஆக்ஸிஜன் இல்லாததால் பூஞ்சணம் அதை அண்ட முடிவதில்லை. அறுத்த மரத்தையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போடும் பழக்கத்துக்கும் இதுதான் ஆதாரம். ஊறும்போது மரம் அழுகுவதில்லை. உளுக்கச் செய்யும் வண்டுகளுக்கு உணவாகும் மாவுப்பொருளும் சர்க்கரையும் கரைந்து வெளியேறிவிடுகின்றன.

ஆகவே மரத்துக்கு எமன், நீரும் காற்றும் சந்திக்கும் எல்லைக்கோடு. வேலிக்கம்பைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழத்தில் புதைந்த நுனி ஓரளவு நன்றாக இருக்கும். மேலே வெளியிலிருந்த பாகமும் நன்றாக இருக்கும். தரைமட்டத்தில் ஒரு சாண் அளவுதான் அழுகியிருக்கும். வீட்டிலும் தேரிலும் நாம் தேடவேண்டியது இத்தகைய எல்லைக்கோடுகளையே.

பழைய வீட்டின் சாமர்த்தியம்

தஞ்சை, கும்பகோணம் பக்கத்து ஓட்டு வீடுகளைக் கட்டியவர்கள் பூஞ்சணத்தைப் பற்றிப் படித்தவர்கள் அல்லர். ஆனால் எல்லைக்கோடு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திண்ணைத் தூணைத் தரையில் நட மாட்டார்கள். ஒரு கருங்கல் பீடத்தை வைத்து அதன்மேல் நிறுத்துவார்கள். களிமண்ணும் செங்கல்லும் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கும், கருங்கல் இழுக்காது. தரையிலிருந்து ஏறிவரும் கரையானும் கல்லின்மேல் மண்கூடு கட்டினால்தான் மரத்தை எட்ட முடியும். அந்தக் கூடு நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கூரையின் விளிம்பைத் தூணுக்கு அப்பால் நன்றாக நீட்டிவிடுவார்கள். சாரலடித்தாலும் தூணின் தலைப்பாகமும் உத்திரமும் நனையா. நெல் போட்டுவைக்கும் பத்தாயத்தைத் தரையில் படாமல் கால்கள் வைத்து உயர்த்தியிருப்பார்கள். அடியில் காற்று ஓட வேண்டும் என்பதே நோக்கம். மரம் நனையலாம், நனைந்தது விரைவில் உலர வேண்டும். இந்த ஒரு விதியைத்தான் கல் பீடமும், நீண்ட விளிம்பும், பத்தாயத்தின் காலும் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

கடற்கரையில் கட்டுமரக்காரர்களும் இதே விதியைக் கையாண்டார்கள். கரைக்குத் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் உலரவிடுவார்கள். நனைந்த கட்டை கனக்கும் என்பது ஒரு காரணம். கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் ஈரம் தங்கி அழுகிவிடும் என்பது மற்றொன்று.

இந்தச் சாமர்த்தியத்தையெல்லாம் நாம் அறியாமலே கெடுத்து வருகிறோம். தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுச்சாலை போடுகிறார்கள். தெரு உயர உயர, திண்ணை தாழ்கிறது. மழைநீர் தூணின் கல் பீடத்தைத் தாண்டி மரத்தைத் தொடுகிறது. வீட்டுக்குள்ளே தரையை உயர்த்தி சிமெண்டு போடும்போது நிலைக்காலின் அடியைச் சுற்றிலும் சிமெண்டால் அடைத்துவிடுகிறார்கள். கழுவிவிடும் நீர் மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் இறங்கும். வெளியே வர வழியில்லை. நூறு ஆண்டு நின்ற நிலை, தரை போட்ட ஐந்தாறு மழைக்குள் அடியில் இற்றுவிடுவது இதனால்தான். மரத்தைச் சுற்றி விரற்கடை இடைவெளி விட்டு, தரையைச் சிறிது வெளிச்சரிவாக அமைத்தால் போதும். இதற்காகும் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

வெட்டுமுகம்

மரக்குழாய்களின் வாய் திறந்திருப்பது பலகையின் இரு நுனிகளில்தான். குறுக்கே வெட்டிய அந்த முகத்தின் வழியாக நீர், பலகையின் மேற்பரப்பு வழியாகப் புகுவதைவிடப் பல மடங்கு வேகமாகப் புகும். பள்ளி மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே சட்டத்திலிருந்து சாண் நீளத்தில் இரண்டு துண்டுகள் அறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடிமுகத்தை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுங்கள். இரண்டையும் நீலம் கலந்த நீரில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒருநாள் கழித்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நீலம் எதில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதைக் கண்டால், வாரைகள் ஏன் நுனியிலிருந்தே அழுகத் தொடங்குகின்றன என்பது விளங்கிவிடும்.

பனங்கைகளுக்கு இது இன்னும் பொருந்தும். தேக்கிலும் வேம்பிலும் வைரம் உள்ளே இருக்கிறது; பனையிலும் தென்னையிலும் வெளியே இருக்கிறது. வெளியே வைரமுள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமுள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பியமே பிரித்துவைத்திருக்கிறது. இன்றைய தாவர இயலும் பனையைப் புல்லுக்கு நெருங்கிய ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் சேர்க்கிறது. பனங்கையின் வெளிப்புறம் இரும்பு மாதிரி. ஆனால் வெட்டுமுகத்தில் உள்ளிருக்கும் சோறு வெளியே தெரியும். அங்கே நீர் பட்டால் பஞ்சாக உறிஞ்சும். வாரை நுனிகளுக்கு மட்டுமாவது ஆண்டுக்கு ஒருமுறை சூடான எண்ணெயோ தாரோ பூசுவது, வீடு முழுவதும் வார்னீஷ் அடிப்பதைவிட அதிகப் பயன் தரும்.

திறந்தவெளியில் நிற்கும் பெருமரம்

வீட்டு மரத்துக்காவது மேலே கூரை உண்டு. காவிரிப் படுகையில் தெருவிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் மரவேலை ஒன்று இருக்கிறது. அதுதான் கோயில் தேர்.

திருவாரூர் ஆழித்தேர் எல்லாருக்கும் தெரிந்தது. முழு அலங்காரத்துடன் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை என்று அதைச் சொல்வார்கள். பழைய தேர் 1926ஆம் ஆண்டு தேரோட்டத்தின்போது தீப்பற்றி எரிந்துவிட, 1930இல் புதுத்தேர் ஓடியது. அதன் சக்கரங்களுக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ நெடுங்காலம் தேரே இல்லை. ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு புதிய தேர் செய்து 2015ஆம் ஆண்டு வெள்ளோட்டம் விட்டார்கள். ஒரு தேர் கெட்டுப்போனால் அடுத்ததற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இது ஓர் அளவு. தேருக்கு ஆகிவந்த இலுப்பை, வேங்கை போன்ற மரங்களில் பெரிய அடிமரம் கிடைப்பது இன்று எளிதல்ல. ஒருகாலத்தில் கோயில்களுக்கு விளக்கெண்ணெய் தந்த இலுப்பைத் தோப்புகள் குறைந்துபோய்விட்டன.

தேரின் மேற்பகுதியிலுள்ள மூங்கிலும் துணியும் விழா முடிந்ததும் கழற்றப்படும். அச்சு, சக்கரம், குறுக்கு உத்திரங்கள், அடுக்கடுக்கான சிற்பப் பலகைகள், சுவாமி எழுந்தருளும் மேல் தளம் ஆகியவை நின்றுவிடும். அந்த மேல் தளந்தான் பலவீனமான இடம். மட்டமாக இருப்பதால் அதில் நீர் தேங்கும். பலகைகளின் இடுக்கு வழியே இறங்கி, கீழே உத்திரங்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும் பொருத்துகளில் போய் உட்காரும். பொருத்துக்குள் வெயிலும் படாது, காற்றும் ஓடாது. மேலே தளம் உலர்ந்து பளபளக்கும். உள்ளே முளையும் துளையும் சந்திக்கும் இடம் மாசி மாதம்வரை ஈரமாகவே இருக்கும்.

இரும்புப் பட்டையும் ஆணியும் உள்ள இடம் அடுத்தது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் துருவும் சேர்ந்தால் கருநீல மை உண்டாகும். பழைய காலத்தில் எழுதும் மை இப்படித்தான் செய்தார்கள். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே ஈரம் நெடுநாள் தங்கியிருந்தது என்று பொருள்.

தேருக்குக் கீற்றுக்கொட்டகை போட்ட காலம் போய், இப்போது பல ஊர்களில் தகரமும் கண்ணாடி இழைத் தகடுகளும் வந்துவிட்டன. நல்ல மாற்றந்தான், ஆனால் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. பகலில் வெயிலால் சூடேறிய மூடிய கூட்டுக்குள் தரையிலிருந்தும் மரத்திலிருந்தும் ஆவி எழும். இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் உட்புறத்தில் நீராகித் தேரின் மேலேயே சொட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயை மரத்தோடு ஒட்டச் சுற்றிக்கட்டுவது இதைவிட மோசம். அதற்கு நனைய விடுவதே மேல். மேற்கூரை அகலமாக இருக்க வேண்டும்; பக்கத் தகடுகளின் கீழும் மேலும் ஒரு முழமாவது திறப்பு வேண்டும்; மரச்சக்கரங்கள் மண்ணில் நிற்காமல் கருங்கல் பலகைமேல் நிற்க வேண்டும். சுற்றிலும் நீர் வடிய ஒரு சிறு வாய்க்காலும் தேவை.

ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும்போது ஒரு குறுக்கு உத்திரம் முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் தேரைச் சோதித்து உறுதிச் சான்று தருகிறார்கள். அந்தச் சோதனை பங்குனியில் நடந்தாலும், தேரின் கதி கார்த்திகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மருந்துகள்

வைரம் பாய்ந்த மரம் தன் மருந்தைத் தானே வைத்திருக்கிறது. தேக்கின் வைரத்திலுள்ள டெக்டோகுவினோன் என்ற பொருளைக் கரையான் விரும்புவதில்லை. வெளிப்புற வெண்கட்டையில் இத்தகைய பாதுகாப்பு இல்லை. தேக்கு என்று பெயர் சொல்லி வெண்கட்டை கலந்து விற்றதை வாங்கினால், அது வேறு எந்த மரத்தையும்போல உளுத்துவிடும்.

வெண்கட்டைக்கு நாம் மருந்து ஏற்றலாம். இதில் ஓர் இந்தியரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் 1933ஆம் ஆண்டு செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புகள் கலந்த ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்துபோகாமல் மரத்தோடு பிணைத்துவிடும். மின்கம்பங்களுக்கும் ரயில் கட்டைகளுக்கும் மட்டுமன்றி, முன்பு சொன்ன அமெரிக்க வீட்டுத் தளங்களுக்கும் பல பத்தாண்டுகள் இந்த மருந்தையே ஏற்றினார்கள். ஆர்செனிக் நஞ்சாதலால், குழந்தைகள் தவழும் இடங்களில் அது வேண்டாம் என்று 2003ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திக்கொண்டார்கள். அப்படி மருந்தேற்றிய பழைய கட்டையை அடுப்பில் எரிக்கவே கூடாது.

வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் நல்லது. மழையில் அது கரைந்துவிடுமாதலால் வெளிமரத்துக்கு உதவாது. எண்ணெய்ப் பூச்சு நீர்த்துளி உடனே உள்ளே புகாமல் தடுக்கும். காற்றின் ஈரத்தை அது தடுப்பதில்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கடற்கரையில் தோணிகளுக்குப் பூசுவார்கள். பூஞ்சணத்தையும் பூச்சியையும் அது ஓரளவு விலக்கும். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், எச்சரிக்கை. லாரிப் பட்டறையிலிருந்து கழிவு எண்ணெயை வாங்கிப் பூசுவோரும் உண்டு. அதிலுள்ள அழுக்கு உடம்புக்குக் கெடுதல். எளிதில் தீப்பற்றவும் செய்யும். கற்பூரம் கொளுத்தும் தேருக்கு அதைப் பூசுவது அறிவுடைமையாகாது.

எந்தப் பூச்சானாலும் உலர்ந்த மரத்தின்மேல்தான் பூச வேண்டும். ஈர மரத்துக்கு எனாமல் பெயிண்டு அடித்தால் ஈரத்தைச் சிறைவைத்ததாக ஆகும்.

எப்போது என்ன செய்வது?

பெரிய வேலையெல்லாம் ஆவணி, புரட்டாசியில். அப்போதுதான் மரம் உலர்ந்திருக்கும். ஓடு மாற்றுங்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் அடைத்திருக்கும் இலையையும் அணில் கூட்டையும் எடுத்துவிடுங்கள். முற்றத்தைச் சுற்றிய வாரைகள் அழுகுவதற்கு அந்தக் குப்பைதான் பெரும்பாலும் காரணம். வெட்டுமுகங்களுக்கு எண்ணெய் பூசுவதும் இப்போதே.

அடைமழைக் காலத்தில் பூச்சு வேலை எதுவும் வேண்டாம். மழை விட்ட பகலில் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மரத்தின்மேல் சாய்த்துவைத்த ஈரச் சாக்கு, விறகு, குடை இவற்றை அகற்றுங்கள். கூரைக்குக் கீழே உத்திரத்தில் நீர்க்கறை தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிட்டு வையுங்கள். வெயில் வந்தபின் கறை மறைந்துவிடும், அடையாளம் இருக்கும்.

போகிக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது ஒரு குத்தூசியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளமிட்ட இடத்திலும், நிலைக்காலின் அடியிலும், தூண் பீடத்தைத் தொடும் இடத்திலும், வாரை நுனியிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. சிறிது இறங்கினாலும் நார் அதைப் பிடித்துக்கொள்ளும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் போகும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்ற ஓசைக்குப் பதில் 'தொப்' என்ற ஓசை வரும். கெட்ட பாகம் சிறியதாக இருந்தால் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, வேறு உலர்ந்த மரத்தால் ஒட்டுப்போடச் சொல்லலாம். பாரம் தாங்கும் உத்திரமானால் அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். கைப்பிடியளவு தேக்குக் கட்டை ஒன்றைப் பள்ளி ஆய்வகத்தில் 100 டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி நிறுத்துக்கொள்ளுங்கள். அது 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதை மழை படாத தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். 112 கிராம் ஆனால் ஈரம் 12 சதவிகிதம். 118 கிராம் ஆனால் 18. வாரம் ஒருமுறை நிறுத்து, தேதியோடு சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு கட்டையைச் சாரல் படும் இடத்தில் தரையோடு கிடத்தி அதன் எடையையும் குறியுங்கள். இரண்டில் எது 20ஐத் தாண்டுகிறது, எந்த வாரத்தில் தாண்டுகிறது, தையில் எத்தனை நாள் கழித்து மறுபடி இறங்குகிறது என்பதை உங்கள் ஊருக்கு நீங்களே கணக்கிட்டுவிடலாம்.